எருமை ஊசியும் என் கட்டைவிரலும்

என் மனைவிக்கு எருமை ஊசி போடப்போகிறார்கள் என்று நான் நம்பினேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை, நாற்பத்தேழு வயதான, பால் சொசைட்டியில் இரண்டு முறை டைரக்டராக இருந்த ஒரு மனிதன் அதை முழுமனதாக நம்பினான். நம்பியதோடு நின்றிருந்தால் இதை டீக்கடையில் ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்லி முடித்திருப்பேன். நம்பியவனுக்குக் கையும் இருந்தது. அந்தக் கையில் ஒரு கட்டைவிரலும் இருந்தது.

எங்கள் தோட்டம் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டி இருக்கிறது. தென்னை, அதற்குச் சொட்டுநீர்ப் பாசனம், தொழுவத்தில் மூன்று எருமை, இரண்டு மாடு. வீட்டில் ஒரு மனைவி, பத்தாவது படிக்கும் ஒரு மகள். கணக்கு இப்படியே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். வாயுத் தொல்லை என்று சொல்லிப் பூண்டு உரித்துக் கொடுத்தேன். மூன்று வாரம் பூண்டு உரித்தேன். கடைசியில் அவளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, "இனிப் பூண்டு வேண்டாங்க, தொட்டில் எங்க இருக்குதுன்னு மேல அட்டாலில ஏறித் தேடுங்க" என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள், "கிளாஸ்ல ஊட்டுல எத்தனெ பேருன்னு கேட்டா நான் இனி என்னன்னுப்பா சொல்றது?" என்றாள்.

"நாலுன்னு சொல்லு கண்ணு. ரெட்டப்படை நல்லது."

பால் ஊற்றப் போன இடத்தில் இன்னும் மோசம். "என்னப்பா, தொழுவத்துல ஒண்ணு, ஊட்டுல ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே மாசமா?" என்றார்கள். எருமைக்கு முந்தும் என்று நானும் சொல்லிவைத்தேன். ஊர் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிட வேண்டும் என்பது நான் சின்ன வயதிலிருந்து கடைப்பிடித்து வரும் தந்திரம். பயம் வந்தாலும் எனக்குச் சிரிப்புதான் வரும். அது தைரியம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழாம் மாதத்தில் மனைவிக்குச் சர்க்கரை ஏறியது. நாள் தாண்டவிடக் கூடாது, தானாக வலி வராவிட்டால் நாமே வரவைக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் மலையாளத்தில் சொன்னதற்கெல்லாம் நான் தமிழில் தலையாட்டினேன். "பேடிக்கண்டா" என்று அவர் கடைசியில் சொன்னதும் என் தலை இன்னும் வேகமாக ஆடியது. பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது என்றே தெரியவரும்.

அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை விடுவார்கள். பெண்கள்தான் போவது வழக்கம். என் அக்கா சேலையெல்லாம் எடுத்து வைத்துத் தயாராக இருந்தாள். மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "மதினி வேண்டாம். இவரு வரட்டும். போன தடவெ இந்த மனுசன் வெளிய உக்காந்து தேங்கா பன்னு தின்னுட்டு இருந்தாரு. இந்தத் தடவெ உள்ள வந்து என்ன நடக்குதுன்னு பாக்கட்டும்."

எனக்கு ஒரு பச்சை அங்கி கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடவேண்டியதைச் சட்டை மாதிரி முன்பக்கம் முடிந்துகொண்டு நான் உள்ளே போய் நின்றேன். அங்கிருந்த நர்ஸ் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, ஓயாத கண்.

"அண்ணே, அங்கி திரும்பிருக்கு. அங்கிட்டுப் போய் மாத்திப் போட்டு வாங்க. ஆபரேஷன் உங்களுக்கில்ல."

அந்தத் தமிழைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவராம். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார் என்றார். எங்கள் கொங்குப் பேச்சைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு. அவர் பேச்சைக் கேட்டு எங்களுக்கு. மலையாளம் பேசும் ஆஸ்பத்திரிக்குள் மூன்று பேர் இரண்டு தமிழில் சிரித்துக்கொண்டோம். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முந்தின நாள் வைத்த மருந்தில் பனிக்குடம் உடைந்தது, ஆனால் வலி சோம்பிக்கொண்டு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ட்ரிப் போடலாம் என்றார். நர்ஸ் ஒரு சீட்டை எழுதி என் கையில் கொடுத்தார். கீழே மருந்துக் கடையில் வாங்கி வர வேண்டும். கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்து, ஐஸ் பையோடு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். கவருக்குள் எட்டிப் பார்த்தேன். குப்பியில் ஆக்ஸிடோசின் என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயர் எனக்கு மனப்பாடம். எங்கள் சொசைட்டிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பாலின் கொழுப்பைச் சோதித்துச் சொல்லும்வரை தினமும் காலையில் அதற்கு எதிரே நிற்பேன். மாட்டுக்கும் எருமைக்கும் பால் இறக்க இந்த மருந்தைப் போடக் கூடாது, போட்டால் குற்றம் என்று பெரிய எழுத்தில் எழுதி, சிரிஞ்ச் படத்தின் மேல் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பால் ஊசி என்று பெயர். கன்று செத்த எருமை பால் இறக்காமல் அடம்பிடித்தால், சந்தையில் லேபிள் இல்லாத பாட்டிலில் வாங்கி வந்து, கறக்கும் நேரத்துக்கு ஒரு ஊசி. நானும் போட்டிருக்கிறேன். அந்த பாட்டில் தொழுவத்து ஓட்டுக்கடியில் வெயிலில் கிடந்தது. இங்கே அதே சாமானை ஐஸ் வைத்துக் கொடுக்கிறார்கள்.

அதோடு போயிருந்தால் வெறும் குழப்பம்தான். எனக்கு அந்தக் கன்றும் ஞாபகம் வந்தது.

ஏழு வருடத்துக்கு முன், ஒரு தலையீற்று மாடு விடிந்ததிலிருந்து முக்கிக்கொண்டே கிடந்தது. மிருக டாக்டர் வருவதற்குத் தாமதமானது. பால் ஊசி போட்டால் கன்று சீக்கிரம் இறங்கும் என்று எவனோ சொன்னான். எவனோ என்ன, எனக்கே தோன்றியது. ஒன்று போட்டேன். அரை மணி பொறுக்காமல் இன்னொன்று போட்டேன். மாடு மூச்சுவிட நேரமில்லாமல் முக்கியது. கன்று வந்தது. ஆனால் தலை தூக்கவில்லை. மறுநாள் எழுந்து நின்றது. நின்ற கன்று தாயிடம் போகவில்லை. தாயைத் தாண்டிப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. திருப்பி விட்டால் வட்டமாகச் சுற்றிவிட்டு மறுபடியும் சுவருக்கே போனது. மடியை வாயில் வைத்தாலும் சப்பத் தெரியவில்லை. மிருக டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் இருக்கும்போதே மூளைக்கு மூச்சு எட்டவில்லை என்றார். "ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன்.

இப்போது புரியும், அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்கு முன்னால் நான் ஏன் மரமாக நின்றேன் என்று. லிஃப்ட் மூன்று முறை வந்து திறந்து, என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனது. அந்த மருந்திலேயே மூளையைத் தின்னும் விஷம் ஏதோ இருக்கிறது, அதைத்தான் இப்போது என் பெண்டாட்டிக்குப் போடப்போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். மாட்டுக்கே கூடாது என்று அரசாங்கம் சுவரில் எழுதி ஒட்டிய சாமான்.

மேலே போய்க் கவரைக் கொடுத்துவிட்டு, "சிஸ்டருங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"செத்த இருங்கண்ணே. மருந்த ஏத்திட்டு வந்து கேக்குறேன்."

ஒரு பாட்டிலில் மருந்தைக் கலந்து, தொங்கவிட்டு, குழாயில் இருந்த சின்ன வெள்ளைச் சக்கரத்தை உருட்டி, கைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டுகளை எண்ணினார். எட்டு. நிமிடத்துக்கு எட்டே எட்டு சொட்டு. மனைவியின் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டினார். ஒன்று வலியைப் பார்க்க, ஒன்று குழந்தையின் துடிப்பைக் கேட்க. பக்கத்தில் ஒரு மெஷின் தாளில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தது. குழந்தையின் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. நல்ல வோல்டேஜில் ஓடும் மோட்டார் மாதிரி. திரையில் நூற்று நாற்பது, நூற்று நாற்பத்திரண்டு.

அரை மணிக்கு ஒருமுறை நர்ஸ் சக்கரத்தைக் கொஞ்சம் கூட்டினார். வலி கூடியது. நான் என்ன செய்தேன்? எல்லா மடையனும் செய்வதைச் செய்தேன். மூலையில் திரும்பி நின்றுகொண்டு போனில், பிரசவ ஊசி, குழந்தை மூளை என்று தேடினேன். சிவப்பு அம்புக்குறி போட்ட ஒரு வீடியோ முதலில் வந்தது. அதில் ஒருவர் கண்ணை உருட்டிக்கொண்டு, இந்த மருந்தால் குழந்தையின் மூளை பாதிக்கப்படலாம் என்றார். எப்போது, எப்படி, எவ்வளவு போனால் என்று அவர் சொல்வதற்குள் ஒரு விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடியும்வரை பொறுமை இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. இடையில் மகள் வேறு, "ஆச்சா?" "ஆச்சா?" என்று நாலு மெசேஜ்.

"என்னத்த போன்ல பாக்கறீங்க?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"தேங்கா வெல."

"ஏறிருக்குதா?"

"ஏறிட்டே இருக்குது."

நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சொட்டுகளை. இப்போது நிமிடத்துக்கு இருபது இருக்கும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் மாதிரித் தடம் விழுந்தது. எனக்குக் கண் முன்னால் சுவரில் நெற்றி வைத்து நின்ற கன்றுதான்.

பதினொன்றரைக்குச் சற்று முன், அடுத்த கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட, நர்ஸ் திரைக்கு அந்தப் பக்கம் போனார். ஆறு அடி எடுத்து வைத்தால் வந்துவிடலாம், அவ்வளவு தூரம்தான். மருந்தை நிறுத்திவிட இதுதான் சமயம் என்று தோன்றியது. சொட்டுநீர் எனக்குத் தெரியாததா? பதினைந்து வருடமாகத் தென்னைக்கு விடுகிறேன். எங்கள் தோட்டத்து வால்வுகளை எல்லாம் நானேதான் பொருத்தினேன். பிடியை மேலே தூக்கினால் அடைப்பு, கீழே தள்ளினால் திறப்பு. அதே ஞாபகத்தில், யாருக்கும் தெரியாமல், கட்டைவிரலை வைத்து அந்த வெள்ளைச் சக்கரத்தை மேல்நோக்கி ஒரே தள்ளு.

ஆஸ்பத்திரிச் சக்கரத்துக்கோ, மேலே என்றால் திறப்பு.

சொட்டு நூலானது. தனித்தனியாக விழுந்துகொண்டிருந்த நீர் கோடாக ஓடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கை திரும்ப எழவில்லை. எந்தப் பக்கம் உருட்டுவது என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

நர்ஸுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு இந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டதா, கண்ணாடி அலமாரியில் என் கை தெரிந்ததா? நான் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவதற்குள் வந்துவிட்டார். என்னைத் தள்ளவில்லை, திட்டவில்லை. என் தோளைத் தாண்டிக் கை வந்தது, சக்கரம் கீழே போனது, நூல் அறுந்தது. ஆனால் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

வலி வந்தது. அதற்கு முன் வந்ததெல்லாம் வலியே இல்லை என்பது போல ஒன்று. விடவில்லை. விட்டது போல இருந்து, விடாமல் அதன் மேலேயே இன்னொன்று. மனைவி கத்தக்கூட இல்லை. அது கத்துவதற்கும் இடம் கொடுக்காத வலி. அப்போது மெஷினின் சத்தம் மாறியது. வோல்டேஜ் குறைந்த மோட்டார் எப்படி இழுக்கும் என்று தோட்டக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். நூற்று முப்பது. நூற்றுப் பத்து. தொண்ணூறு. எண்பது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் நான் விழுந்து விழுந்து எழுந்தேன்.

"அக்கா, இடது பக்கம் திரும்பிப் படுங்க. என்னப் பாருங்க. மூச்ச மெதுவா விடுங்க, அவ்வளவுதான்." நர்ஸின் குரல் மாறவே இல்லை. மருந்துக் குழாயை முற்றிலும் கழற்றிவிட்டு வேறு பாட்டிலில் மருந்து கலக்காத ட்ரிப்பைத் திறந்துவிட்டார். ஒரு கை மனைவியின் வயிற்றில். ஒரு கண் திரையில். இன்னொரு பெண்ணிடம் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார், ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைக்கச் சொன்னார், அதையும் உப்பு எடுத்து வரச் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, வயிற்றின் மேல் வைத்த கையாலேயே எதையோ கேட்பவர் மாதிரி நின்றார்.

எண்பதிலேயே நின்றது. எண்பத்திரண்டு. எண்பது.

நான் சாமி கும்பிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். கும்பிடவில்லை. ஏழு வருடத்துக்கு முன் சொன்ன அந்த 'இல்லீங்க'தான் வாய்க்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

"விடுது," என்றார் நர்ஸ், வயிற்றிலிருந்து கையை எடுக்காமல்.

தொண்ணூற்றைந்து. நூற்றுப் பன்னிரண்டு. மோட்டாருக்கு வோல்டேஜ் வருவது போலச் சத்தம் ஏறியது. நூற்று முப்பது. நூற்று நாற்பத்தைந்து. அங்கேயே ஓட ஆரம்பித்தது, ஒன்றும் நடக்காதது போல. இத்தனைக்கும் கண்ணால் பார்க்காத, பெயர்கூட வைக்காத ஒரு ஆள். நான் தள்ளிவிட்ட பள்ளத்துக்குள்ளிருந்து அந்த ஆள் தானாகவே மேலே வந்துவிட்டது. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன், நெற்றியையும் அதன்மேல் வைத்துக்கொண்டேன். அந்தக் கன்று மாதிரியே நிற்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

டாக்டர் வந்தார். தாளை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். நர்ஸ் நடந்ததை மலையாளத்தில் நாலு வரியில் சொன்னார், என்னைக் காப்பாற்றவும் இல்லை, கூட்டிச் சொல்லவும் இல்லை. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் வசவு எதுவும் இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் மருந்து வேண்டாம், குழந்தை நன்றாக இருந்தால் பிறகு பாதி அளவில் ஆரம்பிக்கலாம், துடிப்பு மறுபடி இறங்கினால் ஆபரேஷன் என்றார்.

அவர் போனதும் மனைவி கண்ணைத் திறந்தாள். "ஏனுங்க."

"சொல்லு கண்ணு."

"என்ன பண்ணித் தொலச்சீங்க?"

சொன்னேன். பால் ஊசி, சொசைட்டி நோட்டீஸ், தலையீற்று மாடு, இரண்டு ஊசி, மிருக டாக்டரிடம் சொன்ன பொய், வால்வுப் பிடி, எல்லாம். ஏழு வருடம் அவளிடமும் சொல்லாத விஷயம். அவள் மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப நான் மாடு."

"அப்பிடிச் சொல்லலெ."

"சிஸ்டர், இவர வெளிய அனுப்பிருங்க. தேங்கா பன்னு தின்னுட்டு உக்காரட்டும்."

நான் அங்கியின் முடிச்சைத் தேடினேன். நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். "இல்லக்கா. வெளிய விட்டா இவரு கரண்ட் மெயின ஆஃப் பண்ணிருவாரு. இங்கிட்டு உக்காருங்கண்ணே. உங்க கை சும்மா இருந்தாத்தான் ஆபத்து. கைய இப்படி வைங்க."

என் வலது கையை எடுத்து மனைவியின் வயிற்றின் மேல்பாகத்தில் விரித்து வைத்தார். "இறுகுனா வருதுன்னு சொல்லுங்க. இளகுனா போச்சுன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க, எதையும் தொடாதீங்க."

இருபத்தைந்து வருடம் மடியைத் தொட்ட கை. செனை மாட்டின் விலாவில் கன்று உதைப்பதை எத்தனையோ முறை பார்த்த கை. இதை அது அறிந்ததில்லை. முதலில் தளர்ந்த மாவு மாதிரி இருந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு இறுக்கம் கூடிக் கூடி, தோலுக்கடியில் முழு வயிறும் ஒரு உரித்த தேங்காயாகக் கெட்டிப்பட்டு எழுந்தது. யாரும் சொல்லாமல், அவளே நினைத்தாலும் நிறுத்த முடியாமல், அவள் உடம்புக்குள் இன்னொரு பலம். "வருது," என்றேன். கொஞ்ச நேரத்தில் அது கைக்குக் கீழே இளகியது. "போச்சு."

"இதே மருந்துதாண்ணே," என்றார் நர்ஸ், தாளைப் பார்த்துக்கொண்டே. "நீங்க எருமைக்குப் போட்டதும் இதுதான். வெசமெல்லாம் இல்ல. அக்கா ஒடம்பே தானா இதச் செய்யும், பிள்ள பால் குடிக்கையில கூட. கன்னு முட்டுனா எருமைக்குப் பால் எறங்குதுல்ல, எதுனாலன்னு நெனச்சீங்க? இப்ப போதுமான அளவுக்கு வரல, அதான் வெளிய இருந்து கொஞ்சம் தர்றோம்."

"அப்ப கன்னு?"

"கைய எடுக்காதீங்க. இறுகுறப்ப பிள்ளைக்குப் போற ரத்தம் கொறையும்ணே. கெணத்துல முங்குன மாதிரி மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். இளகுனதும் மேல வந்து மூச்சு வாங்கும். பத்து நிமிசத்துல நாலு வலி வரட்டும். அஞ்சுக்கு மேல போனா எனக்குப் பிடிக்காது. மருந்து கூடிப்போனா எடவெளியே இருக்காது. முங்குன பிள்ளைய மேல வரவிடாம முங்க வச்சுக்கிட்டே இருந்தா மூளை என்னத்துக்காகும்? அந்த பயம் எனக்கும் உண்டு. இல்லன்னா நான் எதுக்கு இங்கன குந்திக்கிட்டு எண்ணுறேன்?"

எனக்கு நீச்சல் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பழகியதுதான். விளையாட்டுக்குத் தலையைப் பிடித்து அமுக்குவார்கள். கைவிட்டதும் மேலே வந்து முதல் மூச்சு இழுப்போமே, அந்த மூச்சின் ருசி இப்போதும் தெரியும். உள்ளே இருக்கிற ஆளுக்குக் காலையிலிருந்து அதுதான் வேலை. முங்கு, எழு, மூச்சு வாங்கு, மறுபடி முங்கு. அதுவும் தலைகீழாக, இருட்டில், கற்றுக்கொடுக்க ஒருவருமில்லாமல். தன் முதல் நாளிலேயே இவ்வளவு தெரிந்த ஒரு பிறவியை நான் மூன்று வாரம் பூண்டு கொடுத்துத் துரத்தப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து மருந்தை மறுபடி ஆரம்பித்தார். பத்து சொட்டு. நான் எண்ணினேன், அவரும் எண்ணினார். வருது, போச்சு. வருது, போச்சு. இடைவெளியில் மட்டும் நானும் மூச்சுவிட்டேன் என்பதை மனைவிதான் கண்டுபிடித்தாள். "உங்களுக்கா பிரசவம்?" என்றாள். ஒருமுறை பத்து நிமிடத்தில் ஐந்து வலி என்று நான் எண்ணிச் சொன்னதும் நர்ஸ் உடனே வந்து தன் கையை வைத்துப் பார்த்து, சக்கரத்தைக் கொஞ்சம் குறைத்தார். என் எண்ணிக்கையை ஒருவர் நம்பி ஒரு காரியம் செய்தது அன்றைக்கு அதுதான் முதல் முறை. அவர் மதியம் சாப்பிடப் போகவில்லை. டிபன் டப்பா ஜன்னலில் மூடியே இருந்தது.

குழந்தை வந்தபோது நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நீலமும் சிவப்புமாக, வெண்ணெய் பூசியது போல வந்தது. பெண். துண்டில் துடைத்து, அழுததும், தாயின் மார்பில் கவிழ்த்து வைத்தார்கள். எல்லோரும் வேறு வேலையில் இருந்தார்கள். நான் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணே சரியாகத் திறக்காத அந்த முகம் இந்தப் பக்கம் ஒருமுறை அசைந்தது, அந்தப் பக்கம் ஒருமுறை அசைந்தது. வாய் திறந்து திறந்து எதையோ தேடியது. முட்டியது. வழி தவறியது. மறுபடி முட்டியது. பிடித்துக்கொண்டது.

"சப்புதுங்க," என்றாள் மனைவி, ரகசியம் சொல்வது போல.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அழுதேன். நர்ஸ் என் கையில் ஒரு பஞ்சைக் கொடுத்தார். "மூக்கத் தொடைங்கண்ணே. அத மட்டும் தொடலாம்."

சின்னவளுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. குழந்தை டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் நம்பாமல் வீட்டில் தனிப் பரீட்சை நடத்தினேன். மூன்றாம் மாதம் தலை நிற்கிறதா என்று பார்த்தேன், கிலுகிலுப்பையை மறைத்துவைத்துத் தேடுகிறாளா என்று பார்த்தேன், நடக்க ஆரம்பித்ததும் சுவர்ப் பக்கம் போனால் பின்னாலேயே போனேன். பெரியவள் இதையெல்லாம் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். சின்னவள் சுவரிடம் போனது கிறுக்குவதற்கு. போன வாரம் மோட்டார் ரூம் வால்வைப் பிடித்துத் தூக்கி, தென்னைக்குப் போகிற தண்ணீரை அடைத்துவிட்டாள். எந்தப் பக்கம் அடைப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மிருக டாக்டர் அன்று நான் சொன்ன பொய்யை மறந்துபோயிருந்தார். நானே போய் ஞாபகப்படுத்தி, உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிரசவத்துக்கு மறுநாள் காலை நர்ஸ் வார்டுக்கு வந்து, முந்தின நாள் ரெக்கார்டில் தான் எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். எழுதியது சரிதானா என்று கேட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். அதில் இருந்தது இவ்வளவுதான். பதினொன்று இருபத்தெட்டுக்கு, உடனிருந்தவர் ட்ரிப்பைத் தவறுதலாகத் திறந்துவிட்டார். உடனே மூடப்பட்டது. குழந்தையின் இதயத்துடிப்பு எண்பதுக்கு இறங்கி, நான்கு நிமிடத்தில் திரும்பியது. பன்னிரண்டரைக்கு மருந்து குறைந்த அளவில் மறுபடி தொடங்கப்பட்டது. மூன்று பத்துக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். பிறந்ததும் அழுதது.